கடலோர யோகா முகாம்: காபித் தலைவலி முதல் கள்ளக்கடல் வரை

கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, கேரளத்தின் கோவளம், வர்க்கலை என்று கடலை ஒட்டி நடக்கும் யோகா முகாம்களைப் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். யோகா ஆசிரியர்களும் பொது மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

முதல்முறையாக ஒரு வாரம் போகப் போகிறேன். ஒரு நாள் எப்படிப் போகும்? விளம்பரப் படத்தில் எல்லாரும் விடியற்காலையில் அலை ஓரத்தில் நிற்கிறார்களே?
— வாசகி, தஞ்சாவூர்

படத்தில் இருப்பது அரை மணி நேரம். மீதிப் பயிற்சி எல்லாம் கூரைக்கு அடியில்தான்.

முகாம்களில் இரண்டு வகை உண்டு. ஆசிரம முறையில் மணி அடித்தால் எழ வேண்டும். சிவானந்தர் வழி ஆசிரமங்களில் காலை 5.20-க்கு மணி, 6-க்கு தியானமும் பஜனையும், 8-க்கு ஆசன வகுப்பு, 10-க்கு முதல் சாப்பாடு, 11-க்கு ஏதாவது ஒரு வேலை, 2-க்கு உரை, 4-க்கு மறுபடி ஆசனம், 6-க்கு இரவுச் சாப்பாடு, 8-க்கு மறுபடி தியானம், 10-க்கு விளக்கணைப்பு. ரிசார்ட் முறையில் காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒரு மணி. நடுவில் உங்கள் பாடு. ஓய்வுக்கென்று நினைத்து ஆசிரமத்துக்குப் போனவரும், கட்டுப்பாடு வேண்டும் என்று ரிசார்ட்டுக்குப் போனவரும் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டப் பார்ப்பார்கள். பணம் கட்டுமுன் நேர அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

வகுப்பு சவாசனத்தில் (மல்லாந்து படுத்து ஓய்வெடுப்பது) தொடங்கி, கபாலபாதி, நாடிசுத்தி என்னும் மூச்சுப் பயிற்சிகள், சூரிய நமஸ்காரம், ஆசனங்கள் என்று போய் மீண்டும் பத்துப் பதினைந்து நிமிடச் சவாசனத்தில் முடியும். இந்தக் கடைசிச் சவாசனத்தில்தான் பலருக்குச் சளி பிடிக்கிறது. வேர்த்து நனைந்த உடம்பில் கடற்காற்று பட்டால் ஐந்தே நிமிடத்தில் குளிரும். ஒரு பழைய வேட்டியோ மெல்லிய போர்வையோ பக்கத்தில் வைத்திருந்து, படுக்கும்போதே போர்த்திக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து தேடினால் சவாசனம் போயிற்று.

மணலில் ஆசனம் செய்தால் முட்டிக்கு நல்லது, மெத்தென்று இருக்கும் என்கிறார்களே?
— வாசகர், கடலூர்

உட்கார, படுக்க, நடக்க மணல் நல்லது. கையை ஊன்றுவதற்கும் ஒற்றைக் காலில் நிற்பதற்கும் ஆகாது.

கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் உள்ளங்கையை ஊன்றியதும் மணிக்கட்டுப் பக்கம் மணல் உள்வாங்கும், விரல் பக்கம் மேடாகும். மணிக்கட்டு வழக்கத்தைவிட அதிகமாக மடிந்த நிலையில் உடல் எடையைத் தாங்கும். பத்துச் சூரிய நமஸ்காரம் முடிந்தபின் சாயங்காலம் டம்ளரைப் பிடித்தால் வலிக்கும். காரணம் பலருக்குப் புரியாது. பழக்கம் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் அதையே செய்வார்கள். சிரசாசனத்தை மணலில் கற்பிக்கும் ஆசிரியரிடம் மட்டும் போகாதீர்கள். ஒரு முழங்கை கொஞ்சம் இறங்கினால் அந்தப் பக்கக் கழுத்து எலும்புதான் எடையை வாங்கும்.

கரை சமதளம் அல்ல, கடலை நோக்கிச் சரிவு. அந்தச் சரிவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சம்மணமிடும்போது கடலைப் பார்த்து உட்கார்ந்தால் இடுப்பு உயர்ந்து முட்டி தாழ்ந்து, முதுகு தானாக நிமிரும். முதுகை கடலுக்குக் காட்டி உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கூன் விழும். படுக்கும்போது தலை மேட்டுப் பக்கம். நடக்கும்போது ஈரமணலில் போன வழியிலேயே திரும்பி வாருங்கள். போகும்போது தாழ்ந்த பக்கத்துக் கால், வரும்போது மேட்டுப் பக்கமாகும். இடுப்பு ஒரு பக்கமே இழுபடாது.

யோகா விரிப்பை (மேட்) மணலில் நேராக விரிக்காமல் அடியில் ஒரு ஜமுக்காளம் போடுங்கள். பவானி ஜமுக்காளம் போலக் கெட்டியாக இருந்தால் சுருளாது, காற்றில் பறக்காது.

கடற்காற்றைப் பார்த்து உட்கார்ந்து பிராணாயாமம் செய்தால் பலன் இரட்டிப்பு என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். 16-64-32 கணக்கில் செய்யலாமா?
— வாசகர், சேலம்

இரட்டிப்பு என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஹடயோக நூல்கள் பயிற்சிக் குடிலுக்குச் சொல்லும் இலக்கணமே வேறு: சின்ன வாசல், வேறு துவாரம் வேண்டாம். காற்று அடிக்கக் கூடாது என்பதுதான் கருத்து. முகத்தில் காற்று மோதிக்கொண்டிருந்தால் மூச்சின் அளவு பிடிபடாது, கண்ணும் மூக்கும் காய்ந்து எரியும். கபாலபாதியில் வாய்வழியே காற்றை இழுக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு விடியற்காலை ஈரக்காற்று இளைப்பைக் கிளப்பும். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், அறையில் அல்ல. திறந்தவெளியில்தான் வகுப்பு என்றால் காற்றுக்கு முதுகு காட்டி, ஒரு சுவரையோ கட்டுமரத்தையோ மறைப்பாக வைத்து உட்காருங்கள்.

16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேரம்) மூச்சை இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது திருமூலர் சொன்ன கணக்கு. பல ஆண்டு பழகியவர்களுக்கானது அது. ஒரு வார முகாமில் அதை எட்டப் பார்ப்பவர்களுக்குத் தலைசுற்றல், படபடப்பு, நெஞ்சு இறுக்கம் வரும். நான்கு எண்ணி இழுங்கள், எட்டு எண்ணி விடுங்கள், நிறுத்தல் வேண்டாம். விடும் மூச்சு கடைசியில் அவசரமாக வெளியே பாய்ந்தால் அந்த அளவே உங்களுக்கு அதிகம். மூன்றுக்கு ஆறு போதும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மூச்சை நிறுத்தவே வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா என்னும் வேக மூச்சுப் பயிற்சிகளும் இவர்களுக்கு இல்லை.

ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் ஃபில்டர் காபி. முகாமில் காபி, டீ கிடையாதாம். சமாளிக்க முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

முகாமுக்கு முந்தின வாரமே இதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

தினம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாள் உச்சம், சிலருக்கு ஒன்பது நாள்வரை இழுக்கும். ஏழு நாள் முகாமில் முதல் மூன்று நாளை இப்படியே தொலைப்பவர்கள் ஏராளம். தலைவலியோடு எரிச்சல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல். "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று முகாமில் யாராவது சொல்வார்கள். நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. காஃபின் கேட்கும் மூளை அது. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் வருடம் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

எட்டு நாளுக்கு முன்பே தொடங்குங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது. ஆகவே 80-20 பொடி (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) வாங்குபவர் கடையில் 60-40 அரைத்துத் தரச் சொல்லுங்கள். கசப்பும் நிறமும் இருக்கும், வேகம் குறைந்திருக்கும், நாக்கை ஏமாற்றலாம். இரண்டு நாள் நான்கு டம்ளர் இந்தப் பொடியில், அடுத்த இரண்டு நாள் மூன்று, பிறகு இரண்டு, கடைசி இரண்டு நாள் காலையில் மட்டும் ஒன்று. முதலில் கழிக்க வேண்டியது மாலைக் காபியை. காலைக் காபியில் முதலில் கைவைத்தால் நான்காம் நாளே திட்டம் கவிழும்.

போனபிறகும் தலை வலித்தால் பாராசிட்டமால் போடலாம். அட்டையில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபினும் சேர்ந்திருக்கும். அது வலியை நிறுத்தும், ஆனால் நிறுத்திய காபியை மாத்திரையாகச் சாப்பிட்ட கணக்கு. சுக்கு மல்லி காபி பெரும்பாலான முகாம்களில் கிடைக்கும்.

எனக்கு 58 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், பிரஷருக்கு ஒரு மாத்திரையும் எடுக்கிறேன். காலை 10 மணிக்குத்தான் சாப்பாடு என்றால் சரிப்படுமா?
— வாசகர், மதுரை

மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் அப்படி அல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வீட்டில் எட்டு மணி இட்லிக்கு முன் போடும் மாத்திரையை முகாமிலும் அதே நேரத்தில் போட்டு, வெறும் வயிற்றில் ஒன்றரை மணி ஆசனம் செய்தால் ஒன்பதரைக்குக் கை நடுங்கும், சில்லென்று வேர்க்கும். கடலோரத்தில் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது என்பதால் அது தாழ்சர்க்கரை வேர்வை என்று யாருக்கும் தோன்றாது. இதுதான் ஆபத்து.

மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றுவது மருத்துவர் வேலை. உங்கள் வேலை குளுக்கோமீட்டரும் சர்க்கரைப் பொட்டலமும் மேட் பக்கத்திலேயே வைத்திருப்பது. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் உடனே ஏதாவது சாப்பிடுங்கள். மாலைச் சாப்பாடு ஆறு மணிக்கு முடிவதால் இரவிலும் தாழலாம். படுக்குமுன் கொஞ்சம் சுண்டலோ பாலோ வேண்டும் என்று முதல் நாளே சமையற்கட்டில் சொல்லிவையுங்கள். ஆசிரமங்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

இன்சுலின் போடுபவர்களுக்கு: திறந்த பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் தாங்கும். ஏப்ரல், மே மாதக் கடலோரக் குடிலில் 30 டிகிரி என்பது காலை எட்டு மணிக்கே தாண்டிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மூடிய டப்பாவில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானையில் வையுங்கள். காரில் விட்டுவிட்டுப் போனால் அந்தப் பேனா வீண்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சவாசனத்திலிருந்து நேராக எழுந்தால் கண் இருட்டும். ஒருக்களித்து ஒரு நிமிடம், உட்கார்ந்து ஒரு நிமிடம், பிறகு எழுங்கள். கண்ணழுத்த நோய் (கிளாகோமா) உள்ளவர்கள் சிரசாசனம் செய்யவே கூடாது. அந்த நிலையில் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

மூக்கை உப்புநீரால் கழுவும் ஜலநேதிக்குக் கடல் தண்ணீர் இன்னும் நல்லது என்கிறார்கள். உண்மையா? முகாமில் சங்கப் பிரக்ஷாளனமும் உண்டாம். பயமாக இருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நம் உடல்நீருக்கு ஒத்துப்போவது 9 கிராம். நான்கு மடங்கு உப்பை மூக்கில் விட்டால் உள்சவ்வு வீங்கி, திறக்க வேண்டிய மூக்கு அடைத்துக்கொள்ளும். கரையோரத் தண்ணீரில் கலக்கும் சாக்கடையைப் பற்றி தனியே சொல்ல வேண்டாம்.

அரை லிட்டர் தண்ணீருக்கு நாலரை கிராம் தூள் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. சரியான அளவு கண்ணீர்போலக் கரிக்கும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறவிட்டிருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான அமீபா, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறினால்தான் மூளைக்குப் போகும். குழாய்த் தண்ணீரை அப்படியே நேதிக் குவளையில் ஊற்றித் தரும் இடத்தில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி ஊற்ற வேண்டும். தலை பின்னால் போனால் தண்ணீர் தொண்டைக்கு வரும். பேசினாலோ சிரித்தாலோ புரை ஏறும். தவறு நடப்பது பெரும்பாலும் முடிந்தபிறகுதான். ஒரு மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமூக்கைப் பலமாகச் சிந்தினால் மிச்சத் தண்ணீர் காதுக்குள் ஏறி, ராத்திரி காதுவலி. இரண்டு மூக்கையும் திறந்தே வைத்து, இடுப்பு வரை குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, மெதுவாக மூச்சை வெளியே தள்ளினால் போதும்.

சங்கப் பிரக்ஷாளனம் என்பது உப்புநீரை இரண்டிரண்டு குவளையாகக் குடித்து, தாடாசனம், திர்யக தாடாசனம், கடி சக்ராசனம், திர்யக புஜங்காசனம், உதராகர்ஷணாசனம் ஆகிய ஐந்தையும் செய்து, குடலைக் கழுவுவது. முழு முறையில் 16 குவளை வரை போகும். சிறு முறை ஆறு குவளை. முழு முறை முடிந்ததும் சுமார் முக்கால் மணி தூங்காமல் ஓய்வெடுத்து, பாசிப்பருப்பும் பச்சரிசியும் குழைய வேகவைத்து நெய் ஊற்றிய கிச்சடி சாப்பிட வேண்டும். பாலும் காரமும் சில நாளைக்கு இல்லை. பிரஷர், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், குடல்புண், சர்க்கரை, கர்ப்பம், இதில் எது இருந்தாலும் செய்யக் கூடாது. முதல்முறை முகாமுக்குப் போகிறவர் முழு முறையில் சேர வேண்டிய அவசியமே இல்லை என்பது எங்கள் கருத்து. பயப்படுவது சரியான பயம்தான்.

கடலில் குளிக்கலாமா? நீச்சல் தெரியும்.
— வாசகர், கோயம்புத்தூர்

குளத்து நீச்சலும் கடல் நீச்சலும் ஒன்றல்ல. அலை உடையும் வரிசைக்கு நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரியும். இங்கே அலை இல்லையே என்று அங்கேதான் இறங்குவார்கள். கரையில் ஏறிய தண்ணீர் எல்லாம் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், சோர்ந்துதான் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கரைக்கு இணையாக நகர்ந்தால் கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிடும்.

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தொலைவில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் அலை, நாட்கள் கழித்து இங்கே வந்து ஏறும். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, கடல் திடீரென்று உள்ளே வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில். ஹைதராபாதிலுள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அன்றைக்குக் கரைப்பக்கமே போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் குப்பத்து மீனவரைக் கேளுங்கள். அவர் இறங்க வேண்டாம் என்றால் வேண்டாம்.

குளிப்பதென்றால் ஆசனம் முடிந்து அரை மணி கழித்து, முட்டியளவு தண்ணீரில், துணையோடு. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் நூல் இன்னும் கொட்டும். கடல்நீரால் கழுவி, நூலை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கும் சூட்டு வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினால் 108.

எந்த மாதம் போகலாம்? கோவளம் என்று போட்டு ஒரு விளம்பரம் பார்த்தேன்.
— வாசகி, ஈரோடு

எந்தக் கோவளம் என்று முதலில் பாருங்கள். சென்னைக்குத் தெற்கே 40 கிலோமீட்டரில் ஒன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. ரயில் டிக்கெட் எடுத்தபிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

நம் கிழக்குக் கரைக்கு ஜனவரி முதல் மார்ச் நடு வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் மழையும் புயலும். ஏப்ரலுக்குமேல் வேர்வை காயாது. காலை எட்டு மணிக்குமேல் ஆசனம் செய்வது தண்டனை. கேரளக் கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். ஆனால் கர்க்கடக (நம் ஆடி) மாத எண்ணெய் சிகிச்சைக்கென்றே ஜூலை நடுவில் போகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு மழைதான் வேண்டும். இன்னொன்று: மேற்குக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால். கடலிலிருந்து எழும் சூரியனுக்கு நமஸ்காரம் செய்யும் ஆசை இருந்தால் மாமல்லபுரம் பக்கம்தான். அங்கே ஜனவரியில் 6.35 வாக்கிலும் ஜூனில் 5.45 வாக்கிலும் உதயம்.

இலங்கை முகாம்களைக் கேட்ட கொழும்பு வாசகருக்கு: வெலிகம, மிரிச பக்கம் டிசம்பர் முதல் மார்ச், திருகோணமலை, அறுகம்குடா பக்கம் மே முதல் செப்டம்பர்.

காசு கட்டிப் போன இடத்தில் காய் நறுக்கச் சொல்கிறார்கள், கூடம் பெருக்கச் சொல்கிறார்கள். இது நியாயமா?
— வாசகர், சென்னை

ஆசிரம முறையில் கர்மயோகம் அட்டவணையிலேயே இருக்கும், நாளுக்கு ஒரு மணி. உட்கார்ந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்ட இடுப்புக்குக் கூடம் பெருக்குவது உண்மையில் இதம். முதுகுவலி இருந்தால் காய் நறுக்குகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் ரிசார்ட் வகை.

சம்மணமிட்டால் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. தியானம் ஒரு மணி நேரமாமே?
— வாசகி, திருநெல்வேலி

முட்டி இடுப்பைவிட உயரமாக இருப்பதுதான் காரணம். மடித்த போர்வையை நாலு விரற்கடை உயரத்துக்கு வைத்து, அதன் முன்விளிம்பில் மட்டும் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் விளிம்பு தொடையை அழுத்தி இன்னும் மரக்கும். முட்டிக்கு அடியில் இடைவெளி இருந்தால் துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். அப்படியும் வலித்தால் நாற்காலி கேளுங்கள், பாதம் இரண்டும் தரையில் படட்டும். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் கணுக்கால் பிசகும். நீட்டி, பிசைந்து, உணர்வு திரும்பியபின் எழுங்கள்.

தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன். ஆசிரியர் சரியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, பெங்களூரு

சான்றிதழ் முதல் படி. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியம் பல நிலைகளில் தேர்வு வைக்கிறது. "200 மணி" என்று போடுவது அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் பதிவு. அது பயிற்சி நேரத்தைச் சொல்லும், அனுபவத்தைச் சொல்லாது. அதைவிட ஒரு போன் உதவும். "எனக்குத் தோள்வலி, அதோமுக சுவானாசனத்துக்குப் பதில் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். சுவரில் கை ஊன்றச் சொல்கிறேன் என்கிற மாதிரி குறிப்பான பதில் வந்தால் நல்லது. "எல்லாம் சரியாகிவிடும், வாருங்கள்" என்றால் வேறு இடம் பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், பதினைந்துக்குமேல் என்றால் உதவி ஆசிரியர் உண்டா என்றும் கேளுங்கள்.

தொட்டுத் திருத்துவது பற்றி முதல் வகுப்புக்கு முன்பே சொல்லிவிடலாம்: "சொல்லால் திருத்துங்கள், தொட வேண்டாம்." காரணம் சொல்லத் தேவையில்லை. முகம் சுருங்கும் ஆசிரியரிடம் இரண்டாம் வகுப்புக்குப் போகத் தேவையில்லை. எண்ணெய் சிகிச்சை இருந்தால் பெண் சிகிச்சையாளர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதைப் போன அன்றே பாருங்கள்.

முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால், அலுவலக எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு, இரவில் யார் அந்தப் போனை எடுப்பார்கள் என்றும் கேட்டுவையுங்கள். மௌன நாளிலும் ஆபத்துக்குப் பேசலாம்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
— பலர்

பருத்தி உடை நாளுக்கு இரண்டு செட் கணக்கில். கடலோர ஈரத்தில் துவைத்தது மறுநாளும் நசநசவென்றே இருக்கும். மேட் ஐந்து மில்லிமீட்டர் தடிமன் போதும். மிக மெத்தென்றிருந்தால் நின்று செய்யும் ஆசனத்தில் தள்ளாடும். வேர்வையில் கை வழுக்காமலிருக்க மேட்டின் தலைமாட்டில் ஒரு ஈரம் பிழிந்த துண்டு. கொசுவுக்கு ஒடோமாஸ். மாற்றுச் செருப்பு. உப்பு, சர்க்கரை சிறு பொட்டலம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. மோர் கிடைத்தால் இது வேண்டாம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைப் பக்கக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். வெள்ளை வெளிச்சம் பட்டால் திரும்பிவிடும்.

வெள்ளியும் வாட்சும் வீட்டிலேயே இருக்கட்டும். உப்புக்காற்றில் கறுக்கும்.

மூன்றாம் நாள் சவாசனத்தில் காரணமில்லாமல் அழுகை வந்தது. ஏதாவது கோளாறா?
— வாசகி, புதுச்சேரி

பலருக்கு நடப்பதுதான். போன் இல்லை, பேச்சு இல்லை, வேலை இல்லை; தள்ளிப்போட்டது வந்து நிற்கிறது. அழுதுவிட்டு எழுந்தால் சரியாகிவிடும். தூக்கமே இல்லாமல் இரண்டு இரவு போனாலோ, பயம் அடங்காமல் இருந்தாலோ, மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ நீண்ட தியானத்தையும் மௌனத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். "தாண்டிப் போங்கள், அந்தப் பக்கம் ஆனந்தம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

நவம்பரில் பதிவு செய்திருந்தேன், புயலால் ரத்து. பணம் திரும்பவில்லை.
— வாசகர், விழுப்புரம்

ரசீதையும் அவர்கள் அனுப்பிய விதிகளையும் எடுத்துப் பாருங்கள். ரத்து செய்தது அவர்களா நீங்களா என்பதுதான் கேள்வி. அவர்கள் என்றால் எழுத்தில் கேட்டு, பதிலில்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். இனிமேல் பதிவு செய்பவர்கள் மூன்று கேளுங்கள்: புயல் எச்சரிக்கை வந்தால் முழுப்பணமா வேறு தேதியா; ஜிஎஸ்டி சேர்த்த தொகையா; நடுவில் கிளம்பினால் என்ன கழிப்பீர்கள்.

ஏழு நாள் முடிந்து வீடு வந்தாயிற்று. முதல் காபியை எப்போது குடிக்கலாம்?
— வாசகர், ஸ்ரீரங்கம்

காலையில், சாப்பிட்ட பிறகு, அரை டம்ளர். ஒரு வாரம் நிறுத்தியதில் பழைய தாங்குதிறன் குறைந்திருக்கும். வழக்கமான கள்ளிச்சொட்டு டிகாக்ஷனில் முழு டம்ளர் அடித்தால் படபடக்கும், அன்று இரவு கண் மூடாது. மறுநாள் 5.20-க்கு மணி அடிக்கவும் ஆளில்லை.